வசனம் அச்சாகாத புத்தகம்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அண்ணனுக்கு ஊமைக்கோட்டான். இரண்டும் அம்மா வைத்தவை. ஒன்றுக்கு வாயை மூடத் தெரியாது, இன்னொன்றுக்குத் திறக்கத் தெரியாது, இரண்டையும் கலக்கி இரண்டாகப் பிரித்திருந்தால் எனக்கு இரண்டு நல்ல பிள்ளைகள் கிடைத்திருக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அம்மா சிரிப்பாள். கடவுள் வேறு விதமாகக் கலக்கினார். வளர்ந்த பிறகு அண்ணன் படம் வரைந்தான், தங்கை வசனம் எழுதினாள், இருவரும் சேர்ந்து காமிக்ஸ் புத்தகம் செய்தார்கள்.

பிழைப்புக்கு வேறு வேலை இருந்தது. அண்ணன் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஷாம்பு, மின்விசிறி, எலிப்பொறி என்று எது வந்தாலும் அதன் பெட்டிக்குப் படம் போடுவான். தங்கை பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தாள். பயந்துகொண்டு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். பேசுவதற்குச் சம்பளம், கரும்பு தின்னக் கூலி.

விடுமுறை நாளில் ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த புத்தகங்களைப் பையில் திணித்துக்கொண்டு சின்னச் சின்னக் காமிக்ஸ் கண்காட்சிகளுக்குப் போவார்கள். மாடிப்படிக்கு அடியிலோ கழிவறைக்குப் பக்கத்திலோ ஒரு மேசை கிடைக்கும். வருகிறவர்கள் நின்று புரட்டி, "நல்லா இருக்கு" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். இந்த முறை பெரிய கண்காட்சியிலேயே இடம் கிடைத்திருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள். அதற்காக முதல்முறையாக ஒரு புத்தகத்தை அச்சகத்தில் கொடுத்து முறையாக அச்சடித்தார்கள். பெயர், ‘இரண்டு மாடிகளுக்கு நடுவே’.

கதை இதுதான். லிஃப்ட் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி. வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஒரு முதியவர். அவருக்கு வெளியே வர விருப்பமில்லை. மூடிய கதவுக்கு முன்னால் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் பேசுகிறாள். உள்ளேயிருந்து அவர் பதில் சொல்கிறார். புத்தகம் முழுக்க அவ்வளவுதான். ஒரே கதவை எத்தனை பக்கத்துக்கு வரைவது என்று அண்ணன் முதலில் அலுத்துக்கொண்டான். பிறகு வரைந்தான்.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பது இருவருக்கும் தெரியும். அம்மா இறந்த பிறகு அப்பா ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மின்சார மீட்டர் கணக்கெடுக்க வாழ்நாளெல்லாம் ஊரார் கதவைத் தட்டியவர், தன் கதவை யாருக்கும் திறக்கவில்லை. வாசலில் தட்டு வைத்தால் பாதி காலியாகும். மகள் வேலைக்குப் போன நேரம் பார்த்துக் குளிக்க வெளியே வருவார். அண்ணன் அப்போது தூரத்து ஊரில் வேலையில் இருந்தான். காரியம் முடிந்த கையோடு திரும்பிப் போக வேண்டியதாயிற்று. வாயாடிதான் தினமும் மாலையில் வந்ததும் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து பேசுவாள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் பல்செட்டைப் பஸ்ஸில் மறந்துவிட்டது, பக்கத்து வீட்டு நாய் யாருடைய செருப்பையோ கொண்டுவந்து போட்டது, எல்லாவற்றையும் சொல்வாள். உள்ளேயிருந்து ஓர் ‘உம்’ கூட வராது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தக் கதவுக்கு இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சத்தமே எழும்பவில்லை. பழக்கத்தில் வந்து கதவில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் கதவு திறந்தது. சாய்ந்திருந்தவள் மல்லாக்க உள்ளே விழுந்தாள். அதன்பின் அப்பா பழையபடி வீட்டில் நடமாடினார். அந்த நாட்களைப் பற்றி அவரும் பேசவில்லை. இவளும் கேட்கவில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய்க்கு அந்த ஒரு கேள்வி மட்டும் வரவேயில்லை: நான் பேசினதெல்லாம் உங்க காதுல விழுந்துச்சாப்பா?

கேட்க முடியாததால் புத்தகமாக எழுதினாள். கதவுக்கு வெளியே இருந்த பெண்ணுக்குத் தான் அன்று பேசியவற்றையே கொடுத்தாள். உள்ளே இருந்த முதியவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. அவளாகவே யோசித்து யோசித்துப் பதில்களை உண்டாக்கினாள். முதல் பக்கத்தில், ‘கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு’ என்று ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கு வாருங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டிருந்தாள். "பாக்கலாம்" என்றார் அவர். அந்த வீட்டில் அதற்கு முடியாது என்று அர்த்தம். ஆனாலும் போகும் பஸ் எது என்று அடுத்த நாள் அவராகவே கேட்டார். அதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை அரங்கத்துக்குள் நுழைந்தவள் பேசாமல் நின்றுவிட்டாள். அவ்வளவு உயரமான கூரையை அவள் பார்த்ததில்லை. அதன் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே எங்கிருந்தோ புகுந்த புறாக்கள் பறந்துகொண்டிருந்தன. கீழே வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் யாரோ ஒருவர், தன் சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து கற்பனை செய்த ஓர் உலகத்தை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். காமிக்ஸ் பாத்திரங்களாக வேஷம் போட்டு வந்தவர்கள் வேறு. இறக்கை கட்டிய ஒருவன் கதவில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். தகரப் பெட்டி உடம்போடு ஓர் இயந்திர மனிதர் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து தேநீர் குடித்தார். இத்தனை பேருக்கும் இத்தனை ஆசையை யார் உள்ளே வைத்தார் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அச்சகத்திலிருந்து புத்தகப் பெட்டிகள் நேராக அரங்கத்துக்கே வந்திருந்தன. அண்ணன் பெட்டியைக் கிழித்தான். அட்டை அழகாக வந்திருந்தது. வாயாடி புத்தகத்தை முகர்ந்து பார்த்தாள். பிறகு திறந்தாள்.

முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. காணிக்கை வரியைக் காணோம். அடுத்த பக்கத்தில் லிஃப்ட் பெண், கதவு, அவள் தலைக்கு மேல் வட்டமாக ஒரு வசன பலூன். உள்ளே ஒன்றுமில்லை. திருப்பினாள். கதவிலிருந்து ஒரு பலூன், பெண்ணிடமிருந்து ஒரு பலூன். இரண்டும் கழுவி வைத்த தட்டுப்போல இருந்தன. கடைசிப் பக்கம் வரைக்கும் அப்படித்தான். இன்னொரு பிரதியை எடுத்தாள். இன்னொன்று. இன்னொரு பெட்டி.

அண்ணன் முகத்தில் ரத்தம் இல்லை. கம்ப்யூட்டரில் அவன் ஒரு பக்கத்தை அடுக்கடுக்காக வரைவான்; படம் ஓர் அடுக்கு, பலூன் ஓர் அடுக்கு, எழுத்து எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அடுக்கு. ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கண் இருக்கும். அதை மூடினால் அந்த அடுக்கு மறையும். கடைசி நேரத்தில் படத்தில் ஏதோ திருத்துவதற்காக எழுத்தின் கண்ணை மூடியிருக்கிறான். திறக்காமலே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டான். மாதிரிப் பிரதி போனில் வந்தபோது நிறம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறான். அச்சகத்தைக் கூப்பிட்டால், எடுத்த பெண், எழுத்தே இல்லாமல் கலையம்சமாகச் செய்திருக்கிறீர்கள் என்று இங்கே எல்லோரும் பாராட்டினோமே என்றாள்.

வாயாடிக்கு வாய் திறந்தது. திறந்திருக்க வேண்டாம்.

"உனக்கு என் வசனம் எப்பவுமே குப்பைதானே. உன் படத்து மேல வந்து ஒட்டிக்கிட்ட அழுக்கு. அதான் தொடைச்சுட்ட" என்றாள்.

அண்ணன் காலிப் பெட்டியை மடித்து மேசைக்கடியில் வைத்துவிட்டு எழுந்து எங்கேயோ போனான். அப்பா நாளைக்கு வருகிறார் என்பது ஒன்றுதான் அவள் மனத்தில் ஓடியது. சொல்ல நினைத்தது அத்தனையும் அந்த எழுத்தில்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் அவர் கையில் கொடுக்க வெறும் கதவுதான் மிச்சம்.

பக்கத்து மேசைக்காரர் பெரிய உடம்பும் நரைத்த தாடியுமாக இருந்தார். இருட்டைக் கண்டு பயப்படும் ஒரு பூதத்தைப் பற்றி வருஷக்கணக்காகப் புத்தகம் போட்டு வருகிறவர். அந்த வரிசையில் எல்லோருக்கும் அவர் பூதக்காரர். அவர் எட்டி ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார். விரலை நாக்கில் தொட்டு ஓரத்தில் தேய்த்துத் தாளைச் சோதித்தார்.

"வழவழத் தாள் இல்ல. மை நிக்கும்" என்றார். "தங்கச்சி, ஒரு தடவை என் பூதத்துக்குத் தலையே அச்சாகாம வந்துச்சு. தலையைத் தேடற பூதம்னு அட்டையில எழுதி வித்தேன். இன்னிக்கும் அதைத்தான் கேட்டு வராங்க."

தன் பேனாக் கூட்டைத் திறந்து, தண்ணீர் பட்டாலும் கலையாத மெல்லிய கறுப்புப் பேனாக்களில் இருந்ததிலேயே நல்லதை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அட்டைத் துண்டு ஒன்றில் பெரிய எழுத்தில், ‘வசனம் உங்கள் முன்னால் எழுதித் தரப்படும்’ என்று அவரே எழுதி மேசையில் நிறுத்தினார். அவருடைய மேசைக்கு அப்போது ஆள் வந்து நின்றது. இருங்கள் என்று கையமர்த்திவிட்டு இதைச் செய்தார்.

அப்படித்தான் தொடங்கியது. முதலில் வந்தது கல்லூரி மாணவி ஒருத்தி. வாயாடி அவள் எதிரிலேயே ஒவ்வொரு பலூனாக எழுதினாள். எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை, எல்லாம் மனப்பாடம். எழுதும்போதே வாய் தானாகச் சொல்லிற்று. அந்தப் பெண் குனிந்து கேட்டாள், பல்செட் இடத்தில் சிரித்தாள், பிறகு சிரிப்பு மெல்ல அடங்கிப்போய் நின்றாள். பின்னால் இரண்டு பேர் சேர்ந்தார்கள். அதற்குப் பின்னால் தகர உடம்புக்காரர். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவள் வசனத்தை ஒருவர் படித்து முடிப்பதை அவள் பார்த்ததே கிடையாது. இப்போது முகம் முகமாகப் பார்த்தாள். ஒரே வரிக்கு ஒருவர் தலையைத் தாழ்த்தினார், இன்னொருவர் கூரையைப் பார்த்தார். தான் எழுதியதுதானா இது என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

அண்ணன் எப்போது திரும்பி வந்தான் என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு பேனாவை எடுத்துக்கொண்டான். அவள் சொல்லச் சொல்ல அவனும் எழுதினான். அவன் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். இருவரும் வசனம் தவிர வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை.

மாலையில் நர்ஸ் உடையில் ஒரு பெண் வந்து நின்றாள். அது வேஷமா நிஜமா என்று வாயாடி தயங்குவதைப் பார்த்துவிட்டு, நிஜம்தான், டூட்டி முடிந்து நேராக வருகிறேன் என்று சிரித்தாள். புத்தகத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் புரட்டினாள். எழுதித் தருகிறேன் என்று வாயாடி கையை நீட்டியபோது அவள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. என் மகன் ரூம் கதவைத் திறந்து ஒரு மாசமாகுது. இந்த மாதிரி புத்தகம்னா மட்டும் படிப்பான். வெளிய நிக்கிறவ பேசறதை நான் எழுதிக் கதவுக்கடியில தள்ளறேன். உள்ள இருக்கறவர் பேசறதை அவன் எழுதட்டும். அதை நான் எப்படி எழுத முடியும்?"

வாயாடி தன் கையிலிருந்த பேனாவையும் சேர்த்து அவளிடம் கொடுத்தாள். அந்தப் பெண் கூட்டத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாகச் சொன்னது காதிலேயே நின்றது.

மறுநாள் காலை, கூட்டத்துக்குக் கதவு திறக்கும் முன்பே வந்து, அப்பாவுக்கென்று ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டாள். முதல் பக்கத்தில் காணிக்கை வரியை எழுதினாள். லிஃப்ட் பெண்ணின் பலூன்களை ஒன்றுவிடாமல் நிரப்பினாள். பிறகு முதியவரின் பலூன்களுக்கு வந்தாள். அவளுக்கே பெருமையான வரிகள் அதில் இருந்தன. கடைசிக் கட்டத்தில், கதவு திறந்து அவர் வெளியே வரும்போது, வெளிச்சத்தைப் பற்றி அவர் சொல்லும் ஒரு வாக்கியத்தை எழுத அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. பேனா பலூனுக்கு மேலே நின்றது. இறங்கவில்லை. மூடியைப் போட்டு வைத்துவிட்டாள்.

பத்தரை மணியிலிருந்து வாசலையே பார்த்தாள். பகல் கழிந்தது. பூதக்காரர் தன் டப்பாவைத் திறந்து, வரும்போது வருவார், நீ முதலில் சாப்பிடு என்று பாதியை அவள் பக்கம் தள்ளினார். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசலைப் பார்த்தாள். பாக்கலாம் என்றால் முடியாது என்றுதான் அர்த்தம், இத்தனை வருஷம் தெரியாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போது அண்ணன் எழுந்து நின்றான்.

தூரத்தில், இறக்கைக்காரன் ஒரு பக்க இறக்கையை மடித்துக்கொண்டு கதவைத் திறந்து பிடித்திருந்தான். அதன் வழியாகக் கையில் குடையோடு, ஆபீஸ் போகும் நாட்களில் போட்ட சட்டையில், அப்பா உள்ளே வந்தார். இறக்கைக்காரனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெரிய மனிதருக்குச் சொல்வதுபோல மரியாதையாக நன்றி சொன்னார். பூதங்களுக்கும் தகர மனிதர்களுக்கும் நடுவே, ஒவ்வொரு மேசை எண்ணையும் மீட்டர் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பூதக்காரர் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். வாயாடி புத்தகத்தை அப்பாவின் கையில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் பல் பிடுங்க வருகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்கிறவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காணிக்கை வரியைப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பினார். நிறுத்தினார். கதவின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து மகளைப் பார்த்தார்.

"இது நம்ம வீட்டுக் கதவுல்ல? சின்ன வயசுல நீ மூணு சக்கர சைக்கிளை மோதின கீறல்."

வாயாடி குனிந்து பார்த்தாள். லிஃப்ட் கதவின் கீழ் மூலையில் வளைந்த ஒரு கீறல். அடுத்த பக்கத்திலும் இருந்தது. அதற்கடுத்த பக்கத்திலும். எல்லாப் பக்கங்களிலும் அண்ணன் அதை வரைந்திருந்தான். நேற்று முழுக்க அந்தப் பலூன்களில் எழுதியவள் கண்ணில் அது படவேயில்லை. அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"முதல்ல போட மறந்துட்டேன்" என்றான் அவன், மேசையைப் பார்த்துக்கொண்டு. "கடைசி நாள்தான் ஞாபகம் வந்துச்சு. எழுத்து அடுக்கை மூடிட்டு ஒவ்வொரு பக்கமா போட்டேன். திறக்க விட்டுப்போச்சு." மேசையிலிருந்த பேனாவை நேராக வைத்தான். "நான் அப்ப அங்க இல்ல. எனக்குத் தெரிஞ்சது அந்தக் கீறல் ஒண்ணுதான்."

நேற்றுத் தான் சொன்ன வார்த்தை வாயாடியின் நெஞ்சில் திரும்பி வந்து தைத்தது. இத்தனை வருஷம் அவன் தன் எழுத்தைப் பார்க்கவில்லை என்று குறைப்பட்டவள், அவன் படத்தை ஒரு நாளாவது பார்த்தாளா? கையை நீட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அப்பா படித்துக்கொண்டிருந்தார். பல்செட் வந்தது. அந்தக் கட்டத்தில் கதவிலிருந்து ஒரு காலி பலூன் கிளம்பியிருந்தது.

"இங்க ஒண்ணும் எழுதலையே" என்றார்.

"உங்களுக்குத்தாம்பா தெரியும்" என்றாள் வாயாடி. "நீங்க உள்ள இருந்தீங்க."

அரங்கத்தில் எங்கேயோ ஒலிபெருக்கி பேசியது. அப்பா வெகுநேரம் அந்த வட்டத்தையே பார்த்தார். அவர் புத்தகத்தை மூடிவிடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் மூடவில்லை.

"சிரிச்சேன்" என்றார். "அந்தப் பல்செட் கதை சொன்னப்ப உள்ள சிரிச்சுட்டேன்மா. உங்கம்மா போயி மாசம்கூட ஆகல. சிரிச்சுட்டமேன்னு அவ்வளவு அசிங்கமாப் போச்சு. தலைகாணியை வாயில அடைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கதவைத் திறக்கறது?"

அண்ணன் பேனாவை எடுத்தான். அப்பாவின் கையிலிருந்த புத்தகத்தை மேசையில் விரித்து, அந்தப் பலூனுக்குள், "சிரிச்சுட்டேன்மா" என்று எழுதினான். எழுத்தைப் பார்த்து அப்பா தலையசைத்தார். அடுத்த பலூனில் விரலை வைத்தார்.

அப்படியே ஒவ்வொன்றாக வந்தது. எல்லாமே அவருக்கு ஞாபகம் இருந்தது. செருப்பு கொண்டுவந்த நாய்க்கு அவர் உள்ளே ஒரு பதில் வைத்திருந்தார். அது எதிர்வீட்டுக்காரர் செருப்புதான், ஒற்றை வார் அறுந்தது, அவரிடம் கொடுத்துவிடு. ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டினார் என்று அவள் அழுத நாளுக்கும் ஒன்று வைத்திருந்தார். மாலையானால் கதவுக்கு உள்பக்கம் அவரும் தரையில்தான் உட்காருவாராம், அவள் முதுகு சாய்ந்த அதே இடத்தில், தன் முதுகைச் சாய்த்து. நடுவில் ஒரு பலகையின் கனம்தான் இருந்திருக்கிறது.

வாயாடி அவ்வளவு நாளும் வெறும் மரத்திடம் பேசியதாக நினைத்திருந்தாள். ஒரு சொல் கீழே விழவில்லை. சிந்திய தானியத்தை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்ததுபோல, அந்த ஊமை மனிதர் அத்தனையையும் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் காட்டிக்கொள்வதில்லை என்று தோன்றியது. பதில் வராத பிரார்த்தனைகளையும் அவள் அப்போது நினைத்துக்கொண்டாள். மேலே புறாக்கள் கூரையின் ஒரு சட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயின. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். புத்தகம் வாங்க வந்தவர்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பூதக்காரர் தாடியைத் தடவுவதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் என் பூதத்தைப் பாருங்கள் என்று அவர்களைத் தன் பக்கம் அழைத்தார்.

கடைசிப் பக்கம் வந்தது. கதவு திறக்கிறது. முதியவர் குனிந்து வெளியே பார்க்கிறார். அவர் தலைக்கு மேல் பெரிய பலூன். வெளிச்சத்தைப் பற்றி எழுதிய வாக்கியம் அவள் நினைவுக்கு வந்தது. இப்போது அது யாரோ எழுதியதுபோலத் தூரமாக இருந்தது.

"அன்னிக்கு உன் சத்தம் வரல" என்றார் அப்பா. "தினம் வர்ற சத்தம் வரல. சாய்ஞ்ச சத்தம் மட்டும் கேட்டுச்சு, அப்புறம் ஒண்ணுமில்ல. புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன். அதான் திறந்தேன். திறந்தா நீ பொத்துனு உள்ள விழற."

"அப்ப என்ன சொன்னீங்கப்பா?" அண்ணன் பேனாவோடு காத்திருந்தான்.

"வேற என்ன சொல்வேன்? ‘அடி பட்டுச்சா’ன்னு கேட்டேன்."

வாயாடிக்கு அது நினைவுக்கு வந்தது. அடியோடு மறந்துபோயிருந்தாள். மல்லாந்து கிடந்தபோது, மேலே தலைகீழாகத் தெரிந்த தாடி வளர்ந்த முகம், அத்தனை நாள் பேசாததால் துருப்பிடித்த குரலில், அதைத்தான் கேட்டது. அவள் பதில் சொல்லவில்லை. தொண்டையில் சத்தம் இல்லை. எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்தக் கேள்வி அந்த அறையிலேயே நின்றுவிட்டது.

அண்ணன் பெரிய பலூனுக்குள் சின்னதாக, "அடி பட்டுச்சா?" என்று எழுதினான். சுற்றிலும் நிறைய வெள்ளை இருந்தது. அதன் பக்கத்திலேயே, அச்சில் இல்லாத ஒரு பலூனை அவன் கையால் வரைந்தான். அதன் வால் லிஃப்ட் பெண்ணின் வாயை நோக்கி இறங்கியது. வரைந்துவிட்டுத் தங்கையைப் பார்த்தான்.

அப்பாவும் பார்த்தார்.

"இல்லப்பா" என்றாள் வாயாடி. "படல."

அண்ணன் அதை எழுதி, மை காய்வதற்காக வாயால் ஊதினான்.